நகவெட்டியைக் கண்டாலே நடுங்கும் நாய்... என்ன செய்வது?

கால்நடைக் கேள்வி – பதில்

''எங்கள் வீட்டில் மூன்று வயதுப் பெண் நாய் இருக்கிறது. கன்னி ஜாதி. கோவில்பட்டிப் பக்கம் என் பிறந்த வீட்டிலிருந்து, குட்டியாக இருக்கும்போது அப்பா கொடுத்துவிட்டது. அப்பா போன வருஷம் தவறிவிட்டார். எங்கள் வயல் கன்னடியன் கால் பாசனம். முன்பெல்லாம் பன்றி விரட்டுவதற்காக ராத்திரியில் வயல் பக்கம் அவிழ்த்துவிடுவோம். சிறுத்தை நடமாட்டம் என்று பேச்சு வந்ததிலிருந்து, ஆறு மாதமாகத் திண்ணையில்தான் கட்டிப்போடுகிறோம். நகம் நீளமாக வளர்ந்து, நடந்தால் 'டக் டக்' என்று சத்தம் கேட்கிறது. முன்காலில் உள்பக்கமாக இருக்கும் நகம் வளைந்து சதையில் குத்துவது போல இருக்கிறது. போன வாரம் என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் நாலு காலையும் கட்டிப் படுக்கப்போட்டு, பாக்குவெட்டியால் வெட்டினார்கள். ஒரு நகத்தில் ரத்தம் வந்துவிட்டது. நாய் திமிறித் திரும்பியதில், தலையைப் பிடித்திருந்த என் பத்து வயதுப் பையனின் கையில் பல் பட்டுத் தோல் கிழிந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினோம். அன்றிலிருந்து யார் அதன் காலைத் தொட்டாலும் உறுமுகிறது. கையில் எதை எடுத்தாலும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. 'கடிக்கிற நாய் வீட்டுக்கு ஆகாது, ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடலாம்' என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு வரவில்லை. இதற்கு ஏதாவது வழி உண்டா?''

– வாசகி, கல்லிடைக்குறிச்சி.

வழி இருக்கிறது சகோதரி. நாயைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்றே அலுவலகத்திலிருந்து போன் செய்து, பையனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போகச் சொன்னோம். முதல் ஊசி போட்டாயிற்று என்று நீங்கள் சொன்ன பிறகுதான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். மற்ற வாசகர்களுக்காகத் திரும்பவும் எழுதுகிறேன். வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது. பல் பட்டுத் தோல் கிழிந்தால், குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதையும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் தோலில் போடும் ஊசி என்றால், முதல் ஊசி போடும் நாளைக் கணக்கில் சுழி நாளாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்களில் மற்ற ஊசிகள் வரும். காயத்தின் ஆழத்தைப் பார்த்து, காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் வேண்டுமா என்று டாக்டர் சொல்வார். 'நாய் பத்து நாள் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊசிக்குப் போகலாம்' என்று ஊரில் சொல்வார்கள். ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும். ரேபீஸ் வந்துவிட்டால் அதைக் குணமாக்க மருந்து கிடையாது.

இனி நாய்க்கு வருவோம்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் ஆலமரத்தடியில் மாட்டுக்கு லாடம் கட்டுவதை வேடிக்கை பார்ப்போம். கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பில் மாட்டைச் சாய்ப்பார் லாடக்காரர். நாலு காலையும் சேர்த்துக் கட்டி, குளம்பைச் சீவி, ஆணி அடித்து, கால் மணி நேரத்தில் எழுப்பிவிடுவார். மாடும் உடம்பை உதறிக்கொண்டு வண்டிக்குப் போய்விடும். (மாடும் மறப்பதில்லை என்பது வேறு விஷயம். லாடக்காரர் தெருமுனையில் வரும்போதே மிரண்ட காளைகளைப் பார்த்திருக்கிறேன்.) உங்கள் வீட்டுக்காரர் செய்ததும் அந்தப் பழக்கத்தில்தான். அவர் மேல் குற்றமில்லை. ஆனால், லாடக்காரர் குளம்பில் உணர்ச்சி இல்லாத இடம் எது என்று தெரிந்து சீவுவார். பாக்குவெட்டி உங்கள் நாயின் நகக்கண்ணில் இறங்கிவிட்டது. நம் நகக்கண்ணில் ஊசி ஏறினால் எப்படி இருக்குமோ, அதுதான் அதற்கும். காலும் கட்டியிருக்கிறது, ஓடவும் முடியாது, தலையையும் ஒருவர் அழுத்திப் பிடித்திருக்கிறார். அந்த நேரத்தில் அதனிடம் மிச்சம் இருந்தது பல் மட்டும்தான். மூன்று வருஷமாக யாரையும் கடிக்காத நாய், வலியில் திரும்பியபோது ஒரு கை குறுக்கே இருந்திருக்கிறது. இதைக் 'கடிக்கிற நாய்' என்று கணக்கில் சேர்க்க நான் ஒப்ப மாட்டேன்.

கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிக்கிற வேட்டை ஜாதி. ஒல்லி உடம்பு, மெல்லிய தோல், மனசும் அப்படித்தான். அதட்டினால் ராஜபாளையம் நாய் முறைத்துப் பார்க்கும். கன்னி ஒடுங்கிப் போகும். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுப்பது அந்த ஒடுக்கம்தான். முரட்டுப் பிடியால் இந்த ஜாதியைப் பழக்கி நான் பார்த்ததில்லை.

நகம் ஏன் இப்படி வளர்ந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். உங்கள் அப்பா வீட்டில் இருந்திருந்தால், சரளையிலும் காய்ந்து இறுகிய கரிசலிலும் ஓடி ஓடி நகம் தானாகவே தேய்ந்திருக்கும். ஆற்றுப்பாசன ஊரில் கார், பிசானம் என்று வருஷத்தில் பாதிக்கு மேல் வயல் சேறாகவே கிடக்கிறது. வரப்பும் ஈரம். சேற்றில் நகம் தேயாது. அதற்கு மேல், களக்காடு–முண்டந்துறைக் காட்டை ஒட்டிய ஊர்களில் சிறுத்தைக்குப் பயந்து நாயை ராத்திரியில் கட்டிப்போடுகிறோம். அதில் தப்பே இல்லை, கட்டிப்போடத்தான் வேண்டும். ஆனால் ஓட்டம் நின்றால் நகம் வளரும். நாய் நிற்கும்போது நகம் தரையைத் தொடக் கூடாது. 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் வெட்ட வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நீண்ட நகம் விரலை மேலே தள்ளுவதால் நாய் பாதத்தைச் சரியாக ஊன்றாது. நாளாக நாளாக மூட்டும் கெடும்.

காலைத் தொடவிடாத நாயால் இன்னொரு கஷ்டமும் உண்டு. விரலிடுக்கில் உண்ணி உட்கார்ந்தாலும் தெரியாது, நெருஞ்சி முள்ளோ கருவை முள்ளோ ஏறினாலும் எடுக்க முடியாது. உண்ணிக் காய்ச்சலில் சோர்ந்துபோய் வருகிற நாய்களில் பலவற்றுக்கு, விரலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கொத்தாக உண்ணி இருக்கும். பாதத்தைத் தொடவிடப் பழக்குவது பட்டணத்துக்காரர்களின் அலங்கார வேலை என்று நினைக்க வேண்டாம்.

முதலில் டாக்டர், பிறகு பழக்கம்

முன்காலின் உள்பக்கம், தரையைத் தொடாமல் மேலே நிற்பது கட்டைவிரல் நகம். தரையில் படாததால் அது தேயவே தேயாது. வளையம் போலச் சுருண்டு சதையில் ஏறும். 'குத்துவது போல இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இப்போதே அதற்கு வலி இருக்கும், உள்ளே சீழும் பிடித்திருக்கலாம். வலிக்கிற காலை வைத்துக்கொண்டு எந்த நாயையும் பழக்க முடியாது. அந்த ஒரு நகத்தை வீட்டில் தொடாதீர்கள். அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே முடியாவிட்டால், திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவமனைக்குப் போகலாம். பயத்தில் இருக்கும் நாய்க்கு லேசாக மயக்கம் கொடுத்து வெட்டுவதுதான் நல்லது. அதே மயக்கத்தில் மற்ற நகங்களையும் அளவாக வெட்டிவிடச் சொல்லுங்கள். நீங்கள் வீட்டில் பழக்க உங்களுக்கு ஒன்றரை மாத அவகாசம் கிடைக்கும்.

டாக்டரிடம் இரண்டு விஷயம் மறக்காமல் சொல்லுங்கள். 'இது கன்னி நாய்' என்பது ஒன்று. சில மயக்க மருந்துகள் கொழுப்பு குறைந்த இந்த வேட்டை ஜாதிகளின் உடம்பைவிட்டு இறங்க அதிக நேரம் எடுக்கும். ஜாதி தெரிந்தால் அவர் மருந்தை அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பார். 'போன வாரம் கையில் பல் பட்டது' என்பது இரண்டாவது. அவருடைய கையும் கைதானே. எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையையோ வலி மாத்திரையையோ நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். நமக்குப் போடும் வலி மாத்திரைகள் பலவும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

களத்தில் மாடு கதிரைத் தின்னாமலிருக்க வாய்ப்பூட்டு போடுவோமே, அது போல நாய்க்கும் கூடை மாதிரி ஒன்று விற்கிறது. அதைப் போட்டாலும் நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். துணியால் வாயைக் கட்டினால் மூச்சிரைக்க முடியாது. நம் ஊர் வெயிலில் கொஞ்ச நேரத்திலேயே உடம்பு சூடேறிவிடும். அதனால் கூடை வாங்குங்கள். அதையும் திடீரென்று மாட்டாமல், உள்ளே கறித்துண்டை வைத்து, நாயே மூக்கை நுழைக்கும்படி சில நாள் பழக்குங்கள்.

ஒரு சாக்கு, கொஞ்சம் ஈரல்

புண் ஆறிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். நாய் இருக்கும் வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கிற தவறு, ஒரே நாளில் 18 நகத்தையும் முடித்துவிட நினைப்பது. உங்கள் கணக்கு அப்படி இருக்கக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று நிமிடம். அதற்கு மேல் போகாதீர்கள்.

கோழிக்கடையில் கொஞ்சம் ஈரல் வாங்கி, உப்பு போடாமல் வேகவைத்து, புளியங்கொட்டை அளவுக்குத் துண்டு துண்டாக நறுக்கி வையுங்கள். இந்தத் துண்டுகள் இந்த வேலைக்கு மட்டும்தான். வேறு நேரத்தில் கொடுத்தால் மதிப்புப் போய்விடும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். அல்வா நமக்கு மட்டும். திண்ணையில் ஒரு பழைய சாக்கை விரியுங்கள். பழைய பாக்குவெட்டியைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, நாய்க்கென்று விற்கும் கத்தரிக்கோல் வடிவ நகவெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நம் நகவெட்டி தட்டையானது. உருண்டையான நாய் நகத்தை அது வெட்டாமல் நசுக்கும். நசுங்கினாலும் வலிதான். நாய்க்கு வாங்குவதும் கூராக இருக்க வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் நாயைத் தொடவே வேண்டாம். நகவெட்டியைச் சாக்கிலிருந்து நாலு முழம் தள்ளித் தரையில் வையுங்கள். நாய் அதைப் பார்த்தால் ஒரு துண்டு ஈரல். நகவெட்டியை எடுத்து மறைத்துவிட்டால் ஈரலும் கிடையாது. இந்த வரிசை முக்கியம். முதலில் பயப்படும் பொருள் தெரிய வேண்டும், அதற்குப் பிறகு தீனி வர வேண்டும். மாற்றிச் செய்து, ஈரலைக் காட்டிக் கூப்பிட்டுக் காலைப் பிடித்தால், நாய் ஈரலைக் கண்டே ஓட ஆரம்பிக்கும். ஏமாற்றுகிறார்கள் என்று அதற்குப் புரிந்துவிடும்.

நாய் தானாகச் சாக்கில் வந்து உட்கார ஆரம்பித்ததும் தொடத் தொடங்கலாம். பாதத்தில் ஆரம்பிக்காதீர்கள். தோளில் கை வையுங்கள், எடுங்கள், ஒரு துண்டு. அடுத்த நாள் முழங்கை வரை, பிறகு மணிக்கட்டு, பிறகு பாதத்தின் மேல்பக்கம், பிறகு ஒரே ஒரு விரல். பாதத்தைத் தொடும் கட்டத்துக்கு வர ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். நாய் காலை இழுத்தால் உடனே விட்டுவிடுங்கள். இழுத்துப் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் பத்து நாள் வேலை வீணாகும். 'இழுத்தால் விடுவார்கள்' என்று தெரிந்த நாய்தான் காலை நம்மிடம் கொடுக்கும். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சாக்கைவிட்டு எழுந்து போனால் அன்றைக்கு வேலை முடிந்தது. திரும்பக் கூப்பிடாதீர்கள், திட்டாதீர்கள்.

பயம் ஏறுவதை நாய் முன்கூட்டியே சொல்லும், பார்க்கத் தெரிந்தால் போதும். தீனி இல்லாதபோது உதட்டை நக்கும். தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கும், அப்போது கண்ணின் வெள்ளை தெரியும். உடம்பு கட்டை போல விறைக்கும். இதில் எதைப் பார்த்தாலும் ஒரு படி பின்னால் போங்கள். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை மணி. அடித்து அடித்து அதை நிறுத்திவிட்டால், அடுத்த முறை உறுமாமலே பல் வரும்.

நகம் வெட்டும்போது வரும் 'டிக்' சத்தம்தான் பல நாய்களுக்குப் பெரிய பயம். இதற்கு நம் வீட்டிலேயே மருந்து இருக்கிறது. தென்னை ஓலையின் ஈர்க்கை நகவெட்டியால் துண்டு துண்டாக வெட்டுங்கள். நகம் வெட்டுகிற சத்தமேதான் வரும். முதல் நாள் தூரத்தில், பிறகு சாக்கின் அருகில், பிறகு நாயின் பாதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஈர்க்கை வெட்டுவது. ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஒரு துண்டு ஈரல். சத்தம் கேட்டதும் நாய் உங்கள் கையைத் திரும்பிப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினால், பயம் இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு ஒரு நகம். ஒரே ஒரு நகத்தின் நுனி, அதுவும் ரத்தம் வராத காலில். வெட்டியதும் கை நிறைய ஈரலைக் கொடுத்து, சாக்கைச் சுருட்டி வைத்துவிடுங்கள். 'நன்றாகத்தானே நிற்கிறது, இன்னும் இரண்டு வெட்டலாமே' என்று கை பரபரக்கும். எனக்கே பரபரத்திருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால், வேறு வேலைக்குப் போகும் அவசரத்தில், ஒரு கோம்பை நாயின் கடைசி நகத்தையும் முடித்துவிடலாம் என்று வெட்டி, நகக்கண்ணில் இறக்கிவிட்டேன். அந்த நாய் உயிரோடு இருந்தவரை என் பைக் சத்தம் கேட்டால் வைக்கோல் படப்புக்குப் பின்னால் போய்விடும். வீட்டுக்காரர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

வெள்ளை நகம் என்றால் வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக நகக்கண் தெரியும். அதற்கு ஒரு நெல்லின் அகலமாவது முன்னால் நிறுத்திவிடுங்கள். உங்களுடையது கறுப்புக் கன்னி என்றால் நகமும் கறுப்பாகத்தான் இருக்கும், உள்ளே தெரியாது. கொக்கி போல மெலிந்து வளையும் நுனியை மட்டும், மயிரிழை மயிரிழையாக எடுங்கள். ஒவ்வொரு முறையும் வெட்டிய முகத்தைப் பாருங்கள். முதலில் வறண்ட வெள்ளைத் தூள் போல இருக்கும். நடுவில் ஈரமாக ஒரு சிறு கரும்புள்ளி தெரிய ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள், அடுத்தது ரத்தம்தான். தப்பித்தவறி ரத்தம் வந்தால், மைதாவோ சோளமாவோ ஒரு சிட்டிகை வைத்து, சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். கால் மணி நேரத்துக்கு மேலும் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நீண்ட நாள் வளர்ந்த நகத்தில் நகக்கண்ணும் சேர்ந்தே நீண்டிருக்கும். ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. வாரம் ஒரு முறை துளி துளியாக எடுத்துக்கொண்டே வந்தால் நகக்கண் மெதுவாகப் பின்வாங்கும்.

வெட்டுவதற்கு எவ்வளவு பழக்கியும் ஒத்துவராத நாய்களும் உண்டு. அதற்கு இன்னொரு வழி சொல்கிறேன், ஓட்டம் ஓடுகிற ஜாதிக்கு இது நன்றாகப் பிடிக்கும். ஒன்றரை முழப் பலகை ஒன்றில் 80-ஆம் நம்பர் உப்புத்தாளைப் பசை போட்டு ஒட்டுங்கள். பலகையைச் சாய்த்துப் பிடித்து, ஈரலைப் பலகைக்கு அடியில் காட்டினால் நாய் முன்காலால் பிறாண்டும். பிறாண்டினால் தீனி. நாலைந்து நாளில் பலகையைப் பார்த்ததுமே பிறாண்டத் தொடங்கிவிடும். தன் நகத்தைத் தானே தேய்த்துக்கொள்வதால் பயமில்லை. நகத்துக்குப் பதில் பாதத்தின் மெத்தைச் சதை உரசுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் நகத்துக்கு இந்தப் பலகை உதவாது. அதை மாதம் ஒரு முறையாவது நீங்கள்தான் பார்த்து வெட்ட வேண்டும். விடியற்காலையில் கால்வாய்க் கரை ரோட்டில் கயிற்றோடு அரை மணி நேரம் நடத்திக் கூட்டிப்போனாலும் மற்ற நகங்கள் தேயும். வெயில் ஏறிய தார் ரோட்டில் வேண்டாம், பாதம் வெந்துவிடும்.

இதை யார் செய்வது? முதலில் நீங்கள் ஒருவர் மட்டும். பையன் இந்த நேரத்தில் நாய்ப் பக்கம் உட்கார வேண்டாம். காலைப் பிடிப்பதோ தலையைப் பிடிப்பதோ எப்போதுமே குழந்தைகள் வேலை அல்ல. உங்கள் வீட்டுக்காரருக்கு நான் தரும் வேலை வேறு. சாயங்காலம் வயலிலிருந்து வந்ததும், நாயைத் தொடாமல், பேசாமல், சாக்கில் இரண்டு துண்டு ஈரலைப் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். தினமும். கட்டிலுக்கு அடியிலிருந்து அது அவரைத் தேடி எத்தனை நாளில் வெளியே வருகிறது என்று அவரே எண்ணட்டும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் விடுவது பற்றி: உங்கள் ஊரிலிருந்து அந்தப் பக்கம் என்றால் அம்பாசமுத்திரம். ஓடுவதற்கென்றே பிறந்த கன்னிக்கு அது ஒரு தூரமா? பாலத்தில் வண்டியில் அடிபடாமல் இருந்தால் மறுநாளே திண்ணையில் நிற்கும். வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றமும்கூட. அதை விடுங்கள். பயந்துபோன நாயைத் தெரியாத தெருவில் விட்டால், அங்கே அதைப் பிடிக்கப் போகிற இன்னொரு வீட்டுப் பையனைத்தான் அது அடுத்துக் கடிக்கும். ஒன்றரை மாதம் பொறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் தொடும்போதெல்லாம் கடிக்க வந்தால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் மயக்கத்தில் வெட்டிக்கொள்ளலாம். அப்படி வாழ்நாள் முழுக்க வெட்டிக்கொண்ட நாய்களும் வயலைக் காத்திருக்கின்றன.

ஐந்தாறு வாரம் கழித்து எத்தனை நகம் வரை வந்தீர்கள் என்று ஒரு கார்டு போடுங்கள்.

''எங்கள் நாய்க்குப் பின்னங்காலிலும் கூடுதலாக ஒரு நகம் தொங்குகிறது. மொத்தம் இருபது நகம். 'இருபது நகம் இருந்தால் ராசியான நாய், வேட்டைக்கு நல்லது' என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். வேலியில் மாட்டிக்கொண்டு ஒரு முறை ரத்தம் வந்தது. வெட்டி எடுத்துவிடலாமா?''

– வாசகர், கடையம்.

முன்னங்காலில் ஐந்து ஐந்து, பின்னங்காலில் நாலு நாலு, ஆக 18 நகம்தான் வழக்கம். பின்னங்காலிலும் கட்டைவிரல் வருவது பரம்பரையாக வருகிற ஒன்று; வீரத்துக்கும் ராசிக்கும் சம்பந்தமில்லை. குட்டி வாங்கும்போது நகத்தை எண்ணுகிறவர்கள், அந்த நேரத்தில் தாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டால் நல்லது. பின்கால் நகத்தை மெதுவாக அசைத்துப் பாருங்கள். எலும்போடு சேராமல் வெறும் தோலில் தொங்கினால், திரும்பத் திரும்ப வேலியில் மாட்டும். டாக்டரிடம் சொல்லி எடுத்துவிடலாம். கருத்தடை ஆபரேஷன் செய்யும்போதே, அதே மயக்கத்தில் எடுத்துவிட்டால் இரண்டு வேலையும் முடியும். பிளேடு வைத்து வீட்டில் எடுக்காதீர்கள். முன்கால் கட்டைவிரலை எடுக்கச் சொல்லாதீர்கள். அது எலும்பும் மூட்டும் உள்ள விரல். வேகமாக ஓடித் திரும்பும்போது அதை ஊன்றித்தான் நாய் திரும்புகிறது.

''இரண்டு மாதக் குட்டி வாங்கியிருக்கிறோம். நகம் வெட்டப் பழக்குவது எந்த வயதில்?''

– வாசகர், ஏரல்.

இன்றைக்கே. மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் 14 வாரம் வரை குட்டி எதைப் பார்த்தாலும் சீக்கிரம் பழகும். அந்த வயதைத் தவறவிட்டவர்கள்தான் எனக்கு இவ்வளவு நீளமான கடிதம் எழுதுகிறார்கள். சோறு தின்னும்போது நாலு பாதத்தையும் ஒரு முறை தொட்டு, விரலைப் பிரித்து மூடுங்கள். காதையும் வாயையும் அப்படியே. வாரம் ஒரு முறை ஊசி போல இருக்கும் நகநுனியை ஒரு மயிரிழை எடுங்கள், நாலு நகம் போதும், மிச்சம் அடுத்த வாரம். மூன்று மாதம் ஆனதும் ரேபீஸ் தடுப்பூசிக்குக் கொண்டுபோங்கள். அங்கே டாக்டர் பாதத்தைத் தூக்கும்போது குட்டி வாலை ஆட்டுகிறதா என்று பாருங்கள்.